சராசரியைப் பெருக்கிப் பாருங்கள்

(செயலாராய்ச்சி குறித்த ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு நாள்களாகச் செயலாராய்ச்சி பற்றிப் பேசி வருகிறோம். வகுப்பறைச் சிக்கலைத் தேர்ந்தெடுப்பது, முன்தேர்வும் பின்தேர்வும் வைப்பது, அறிக்கை எழுதுவது என எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கிவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சற்று வேறு. ஆய்வுக்குள் பொய்யான எண்கள் புகுந்துவிட்டால், அதைக் கணக்கின் துணையாலும் கணினியின் துணையாலும் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதே அது.

“இது பல்கலைக்கழகத்தாருக்கு உரிய விஷயம் ஆயிற்றே, நமக்கு எதற்கு?” என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டு காரணங்கள் சொல்கிறேன். இந்த முறைகளில் பல, நாம் நடுநிலை வகுப்பில் நடத்தும் கணக்குதான் என்பது ஒன்று. தவறான ஆய்வின் விளைவு வந்து இறங்கும் இடங்களில் வகுப்பறையும் உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாறாத 0.771

சிரில் பர்ட் என்பவர் பிரிட்டனின் புகழ்பெற்ற கல்வி உளவியலாளர். 1913இல் லண்டன் மாநகரக் கல்வி நிர்வாகம் உளவியலாளராக நியமித்த முதல் மனிதர் அவர். பின்னாளில் ‘சர்’ பட்டமும் பெற்றார். நுண்ணறிவு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது என்பது அவருடைய உறுதியான கருத்து. அந்நாளில் பிரிட்டனில் 11 வயதுக் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்து, இவர் இந்தப் பள்ளிக்கு, அவர் அந்தப் பள்ளிக்கு என்று பிரித்தார்கள். அப்படிப் பிரிப்பதை ஆதரித்தவர்களுக்கு இத்தகைய கருத்துகள் துணை நின்றன.

தம் கருத்துக்குச் சான்றாகப் பர்ட் காட்டியது, பிறந்ததும் பிரிக்கப்பட்டு வேறு வேறு வீடுகளில் வளர்ந்த ஒத்த இரட்டையர்களை. அந்த இரட்டையரின் நுண்ணறிவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை ஒட்டுறவுக் கெழுவாகச் சொன்னார். 1955இல் 21 இணைகளைப் பற்றி எழுதினார். கெழு 0.771. 1958இல் இணைகள் 30க்கு மேல் ஆயின. கெழு 0.771. 1966இல் 53 இணைகள். அப்போதும் கெழு 0.771.

கணித ஆசிரியர்கள் சிரிப்பது தெரிகிறது. 21 பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குச் சராசரி எடுக்கிறோம். பிறகு பக்கத்து வகுப்பிலிருந்து 32 பேரைச் சேர்த்து 53 பேருக்கும் எடுக்கிறோம். மூன்றாம் தசமம் வரை அதே விடை வருமா? ஒருமுறை வந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறையும் வந்தால் நோட்டைத் திறந்து பார்க்கத்தான் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் லியோன் காமின் 1974இல் எழுதிய நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். பர்ட் மறைந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. காமினுக்குக் கணினி எதுவும் தேவைப்படவில்லை. மூன்று கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் படித்தார், அவ்வளவுதான்.

பர்ட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய லெஸ்லி ஹெர்ன்ஷா, எண்கள் புனையப்பட்டவை என்றே 1979இல் முடிவு செய்தார். பின்னர் வந்த சிலர் அதை மறுத்தார்கள். முதியவர் கவனக்குறைவாகப் பழைய எண்ணையே திரும்ப எழுதியிருக்கலாம் என்று வாதிட்டார்கள். சண்டை இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஏன் தீரவில்லை? பர்ட்டின் ஆவணங்களில் பெரும்பகுதி அவர் மறைவுக்குப் பின் அழிக்கப்பட்டுவிட்டது. எடுத்துப் பார்க்க மூலத் தரவு இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சு முழுவதும் இந்த இடத்தைச் சுற்றித்தான் போகப்போகிறது.

ஒரு பெருக்கல்

இப்போது கரும்பலகையில் ஒரு கணக்கு. ஓர் அறிக்கையில் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘32 மாணவர்களுக்குப் பத்து மதிப்பெண் தேர்வு வைக்கப்பட்டது. சராசரி 6.27.’

இதில் பார்த்தவுடன் குறை எதுவும் தெரியாது. ஆனால் சராசரி என்பது மொத்தத்தை 32ஆல் வகுத்து வந்தது. மதிப்பெண்கள் முழு எண்கள் என்றால் மொத்தமும் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். 6.27ஐ 32ஆல் பெருக்குங்கள். 200.64 வருகிறது. சரி, மொத்தம் 200 என்றால் சராசரி 6.25. மொத்தம் 201 என்றால் 6.28. இடையில் வேறு முழு எண் கிடையாது. ஆகவே 32 பேர், முழு மதிப்பெண் என்ற கணக்கில் 6.27 என்ற சராசரி வரவே வராது.

இந்த எளிய சோதனையை 2016இல் முறையாக வகுத்து வெளியிட்டவர்கள் நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹெதர்ஸ் என்ற இருவர். ‘கிரிம்’ சோதனை என்று அதற்குப் பெயர். உளவியல் கட்டுரைகளில் இந்தச் சோதனைக்கு உட்படக்கூடிய 71ஐ எடுத்துப் பார்த்தார்கள். 36 கட்டுரைகளில் வரவே முடியாத சராசரி குறைந்தது ஒன்றாவது இருந்தது. 16இல் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தன.

உடனே 36 பேரும் பொய்யர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் கரும்பலகைக் கணக்குக்கே திரும்பி வாருங்கள். அந்த ஆசிரியர் அரை மதிப்பெண்ணும் போட்டிருந்தால்? மொத்தம் 200.5 ஆகலாம். 32ஆல் வகுத்தால் 6.27 வந்துவிடுகிறது! அல்லது தேர்வன்று இரண்டு பேர் வரவில்லை, அறிக்கையில் மட்டும் 32 என்று எழுதிவிட்டார் என்றால்? 188ஐ 30ஆல் வகுத்துப் பாருங்கள். அதுவும் 6.27தான். ஒரே எண்ணுக்கு மூன்று விளக்கங்கள்: அரை மதிப்பெண், வராத இருவர், புனைந்த எண். எது உண்மை என்று பெருக்கல் சொல்லாது. வருகைப் பதிவேடும் திருத்திய விடைத்தாள்களும்தான் சொல்லும்.

இந்தச் சோதனைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. நூறு பேருக்கு மேல் போய்விட்டால், இரண்டு தசமத்தில் எந்தச் சராசரியும் வரக்கூடியதே. சிறிய குழுக்களுக்குத்தான் இது பயன்படும். நம் வகுப்புகளோ பெரும்பாலும் அந்த அளவுதான்.

கணினி வரும் இடம்

ஒரு கட்டுரையை நாம் பென்சிலால் சரிபார்க்கலாம். ஆயிரக்கணக்கில் என்றால் கணினி வேண்டும். நெதர்லாந்தில் மிஷெல் நாய்டென் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ‘ஸ்டாட்செக்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். கட்டுரையில் அச்சான புள்ளியியல் முடிவுகளை அதுவே படித்து, மறுபடி கணக்கிட்டு, ஒத்துவருகிறதா என்று பார்க்கும். 1985 முதல் 2013 வரை எட்டு உளவியல் இதழ்களில் வந்த இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட முடிவுகளைச் சரிபார்த்தார்கள். பாதிக் கட்டுரைகளில் ஏதோ ஒரு முரண் இருந்தது. எட்டில் ஒரு கட்டுரையில் முடிவையே மாற்றக்கூடிய அளவு முரண். தட்டச்சுப் பிழை, தசமம் தவறிய பிழை என்பவற்றையும் வேண்டுமென்றே செய்ததையும் இந்த மென்பொருள் பிரித்துச் சொல்லாது. ‘இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள்’ என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடும்.

அப்படி நின்று பார்த்ததில் பள்ளிகளைத் தொட்ட ஒரு விவகாரம் வெளிவந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரையன் வான்சிங்க், உணவுப் பழக்கம் பற்றிய ஆய்வுகளால் பெரும்புகழ் பெற்றவர். பள்ளி உணவுக்கூடத்தை எப்படி அமைத்தால் பிள்ளைகள் காய்கனியைத் தேடி எடுப்பார்கள் என்ற அவருடைய ஆலோசனைகளை ஆயிரக்கணக்கான பள்ளிகள் பின்பற்றின. 2017இல் டிம் வான் டெர் ஸீ, ஜோர்டன் அனயா, நிக் பிரவுன் ஆகிய மூவரும், ஒரே உணவகத்தில் திரட்டிய தரவிலிருந்து அவர் எழுதிய நான்கு கட்டுரைகளை எடுத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ 150 முரண்கள் கிடைத்தன. அவற்றுள் பல, இப்போது நாம் போட்ட பெருக்கலைப் போன்றவை.

பிறகு மற்றக் கட்டுரைகளையும் பார்த்தார்கள். ஆப்பிளின் மேல் குழந்தைகளுக்குப் பிடித்த எல்மோ என்ற பொம்மைப் பாத்திரத்தின் படத்தை ஒட்டினால் பிள்ளைகள் அதிகம் எடுக்கிறார்கள் என்றது ஒரு கட்டுரை. 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்ததாக எழுதியிருந்தார்கள். உண்மையில் அவர்கள் 3 முதல் 5 வயது வரையிலான மழலையர்! நான்கு வயதுக் குழந்தைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2018இல் பல்கலைக்கழகம் விசாரணையை முடித்து, அவர் ஆய்வு நெறியை மீறினார் என்று அறிவித்தது. அது சொன்ன காரணங்களுள் ஒன்று, ஆய்வின் பதிவுகளை முறையாக ஆவணப்படுத்திப் பாதுகாக்கத் தவறியது. தாம் வேண்டுமென்று எதையும் திரிக்கவில்லை என்பது வான்சிங்கின் பதில். பதவியிலிருந்து விலகினார்.

பூவா, தலையா

எண்கள் வரமுடியாதவையாக இருப்பது ஒரு வகை. அளவுக்கு மீறி அழகாக இருப்பது இன்னொரு வகை. இதை வகுப்பில் விளையாட்டாகவே செய்யலாம். ஒரு நாணயத்தை வீட்டில் நூறு முறை சுண்டி, பூ, தலை என்று எழுதி வரச் சொல்லுங்கள். 40 பேரில் 40 பேரும் 48க்கும் 52க்கும் இடையில் தலை விழுந்ததாக எழுதி வந்தால், பாதிப் பேர் நாணயத்தைத் தொடவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் சுண்டினால் பத்தில் நான்கு பேருக்குத்தான் அப்படி வரும். மற்றவர்களுக்கு 45, 57, 43 என்று சிதறும். இன்னொன்றும் கவனியுங்கள். நூறு முறை சுண்டினால் எங்காவது ஓரிடத்தில் ஐந்து முறை தொடர்ந்து ஒரே பக்கம் விழுவது ஏறக்குறைய நிச்சயம். கற்பனையில் எழுதும் பிள்ளை அதற்கு அஞ்சி, மூன்று தலை வந்ததும் பூவுக்கு மாறிவிடும்.

இதே கருத்தை மருத்துவ ஆய்வில் பயன்படுத்தியவர் ஜான் கார்லைல் என்ற ஆங்கிலேய மயக்கவியல் மருத்துவர். மருந்துச் சோதனையில் நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரிப்பார்கள். குழுக்களின் சராசரி வயது, எடை, உயரம் எல்லாம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும். ஜப்பானிய மயக்கவியல் மருத்துவர் யோஷிடாகா ஃபுஜி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியைத் தடுக்கும் மருந்துகள் பற்றி ஏராளமாக எழுதியவர். அவருடைய எண்கள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன என்று 2000ஆம் ஆண்டிலேயே மூன்று மருத்துவர்கள் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். பெரிய நடவடிக்கை ஏதும் வரவில்லை. 2012இல் கார்லைல் அவருடைய 168 சோதனைகளைக் கணக்கிட்டு, இப்படிப்பட்ட ஒற்றுமை தற்செயலாக வர வாய்ப்பே இல்லை என்று காட்டினார். ஜப்பான் மயக்கவியலாளர் சங்கம் 212 கட்டுரைகளை விசாரித்தது. 172இல் புனைவு இருந்தது. அவற்றுள் 126 முழுக்க முழுக்கப் புனைவு. கடிதத்துக்கும் முடிவுக்கும் இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்த எண்களை நம்பி மருத்துவம் செய்தவர்கள் எத்தனையோ பேர்.

கணினிக் கோப்பிலும் இப்படித் தடயம் கிடைக்கும். படிவத்தின் அடியில் அல்லாமல் தலைப்பிலேயே கையெழுத்துப் போட வைத்தால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. நேர்மையைப் பற்றிய ஆய்வு என்பதைக் கவனியுங்கள். அதன் ஒரு பகுதிக்குக் காப்பீட்டு வாடிக்கையாளர்களின் கார்கள் எத்தனை மைல் ஓடின என்ற எக்செல் கோப்பு ஆதாரம். 2021இல் மூன்று ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். சாதாரணமாகச் சிலர் கொஞ்சம் ஓட்டுவார்கள், சிலர் நிறைய ஓட்டுவார்கள், பெரும்பாலோர் நடுவில் இருப்பார்கள். அந்தக் கோப்பிலோ பூஜ்யம் முதல் 50,000 மைல் வரை எல்லா அளவிலும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் ஆட்கள். 50,000க்கு மேல் ஒருவர்கூட இல்லை! வாடிக்கையாளர் தாமே எழுதும் எண் 500, 1000 என்று முழுமையாக முடிவது இயல்பு. முதல் பதிவில் அப்படி இருந்தது. இரண்டாம் பதிவில் இல்லை. போதாததற்கு, ஒரே பத்தியில் இரண்டு எழுத்துருக்கள் வேறு. கட்டுரையை எழுதிய ஐவரும் தரவு நம்பத்தக்கதன்று என்று ஏற்றார்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. எண்களை மாற்றியவர் யார் என்பதை மட்டும் இந்தக் கணக்கு சொல்லவில்லை.

தமிழாசிரியர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறர் கட்டுரையைத் திருடி, பிடிபடாமல் இருக்க மென்பொருளால் சொற்களை மாற்றுகிறவர்கள் உண்டு. மென்பொருளுக்குக் கலைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று தெரியாது. செயற்கை நுண்ணறிவு ‘போலி உணர்வு’ ஆகிவிடும். மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சு ஆபத்து’ ஆகிவிடும். பிரான்சைச் சேர்ந்த கியோம் கபனாக்கும் அவருடைய கூட்டாளிகளும் 2021 முதல் இத்தகைய விபரீதச் சொற்றொடர்களைத் தொகுத்து, கணினியால் கட்டுரைகளைத் தேடி வருகிறார்கள். ஒருபொருட்பன்மொழி தெரிந்தால் போதாது, இடமறிந்து சொல்ல வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதானே!

கேள்வி வேறு, தீர்ப்பு வேறு

கார்லைல் 2017இல் எட்டு இதழ்களில் வந்த 5,087 சோதனைகளை இதே முறையில் அலசினார். சந்தேகப் பட்டியலில் வந்தவற்றுள் ஒன்று, ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த உணவு ஆய்வு. ஆலிவ் எண்ணெயும் கொட்டைப் பருப்புகளும் மிகுந்த உணவு இதயத்துக்கு நல்லது என்று 2013இல் வெளியாகி உலகெங்கும் பேசப்பட்ட ஆய்வு அது. புனைவா? ஆய்வாளர்கள் தங்கள் மூலப் பதிவுகளைத் தாங்களே மறுபடி புரட்டினார்கள். விஷயம் தெரியவந்தது. ஒரு மையத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவச எண்ணெய் கிடைக்கிறது, எங்களுக்கு இல்லையா என்று ஊர்மக்கள் கேட்டதால், அங்கிருந்தவர் சமவாய்ப்பு முறையை விட்டு, ஊர் முழுவதற்கும் ஒரே உணவைக் கொடுத்துவிட்டார். வேறு சில இடங்களில் ஒரே வீட்டாரை ஒரே குழுவில் வைத்திருந்தார்கள். அது தவறான நடைமுறை. ஆனால் பொய் இல்லை. 2018இல் பழைய கட்டுரையைத் திரும்பப் பெற்று, புதுக் கணக்குடன், உறுதியைச் சற்றுக் குறைத்துக்கொண்டு மறுபடி வெளியிட்டார்கள்.

பர்ட்டையும் இவர்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவர்மீதும் கணக்கு கேள்வி எழுப்பியது. இவர்களிடம் மூலப் பதிவு இருந்தது. ஓராண்டில் பதில் கிடைத்தது, மானமும் மிஞ்சியது. பர்ட்டின் பதிவு போய்விட்டது. அவர் குற்றவாளியா என்று ஐம்பது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் ஒருவேளை குற்றமற்றவராக இருந்தால், அதை நிரூபிக்கவும் வழியில்லாமல் போயிற்று.

பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் மெண்டலும் இந்தக் கேள்விக்குத் தப்பவில்லை. அவருடைய பட்டாணியில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை என்று 3:1க்கு நெருங்கி வந்தது. 1936இல் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் மெண்டலின் எல்லா முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டார். எதிர்பார்ப்புக்கு இவ்வளவு நெருக்கமாக வர வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஏழுதான் என்றார். என்ன விடை வரவேண்டும் என்று தெரிந்த உதவியாளர் யாராவது மெண்டலையே ஏமாற்றியிருக்கலாம் என்பது ஃபிஷரின் ஊகம். இன்றும் விவாதம் நடக்கிறது. மெண்டலின் விதியோ சரியாகவே நிற்கிறது.

நம் மேசைக்கு

‘என்ன விடை வரவேண்டும் என்று தெரிந்த உதவியாளர்’ என்ற அந்தச் சொற்களைக் கொஞ்சம் யோசியுங்கள். மேல்நிலை வகுப்பில் தனி ஊசல் சோதனை செய்கிறார்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்று பிள்ளைக்கு முன்பே தெரியும். 9.3 வந்தால் மதிப்பெண் குறையும் என்றும் தெரியும். பிறகு அந்தப் பிள்ளை விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை எழுதினால் குற்றம் யாருடையது? ஒரு வகுப்பின் ரெக்கார்டு நோட்டு முழுவதும் 9.8 ஆகவே இருந்தால் அது ஃபுஜியின் அட்டவணையைப் போலத்தான். 9.3க்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஏன் 9.3 வந்தது என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். ஆய்வு நேர்மைக்கு இதைவிட நல்ல பாடம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை.

செயலாராய்ச்சிக்கும் இதேதான். முன்தேர்வில் 4, பின்தேர்வில் 8 என்று எல்லோருக்கும் முன்னேற்றம் காட்டும் அறிக்கை அழகாக இருக்கும். ஆனால் ‘இந்த முறை என் வகுப்பில் பலிக்கவில்லை’ என்று ஒருவர் எழுதினால், அதே முறையில் அடுத்த ஊர் ஆசிரியர் ஓர் ஆண்டை வீணாக்காமல் தப்பிப்பார். அறிக்கைகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் இருப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே: முன்னேற்றம் இல்லை என்று எழுதியவரை அதற்காக விளக்கம் கேட்காதீர்கள். விளக்கம் கேட்டால், அடுத்த ஆண்டு முன்னேற்றம் வந்துவிடும், எண்ணில் மட்டும்.

நடைமுறைக்கு மூன்று செய்திகள். திருத்திய விடைத்தாள்களையும் பெயர்வாரி மதிப்பெண் தாளையும், அறிக்கை கொடுத்த பிறகும் எடுத்து வையுங்கள். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் வரவில்லை, அரை மதிப்பெண் உண்டா என்பதை அறிக்கையிலேயே குறிப்பிடுங்கள். மூன்றாவது, சக ஆசிரியரின் எண்ணில் முரண் தெரிந்தால் முதலில் அவரிடமே தனியாகக் கேளுங்கள். “சார், இந்த 6.27 எப்படி வந்தது, அந்தத் தாளைப் பார்க்கலாமா?” என்று கேட்டால் போதும். பெரும்பாலும் வராத இரண்டு பிள்ளைகள்தான் காரணமாக இருப்பார்கள்.

மதிய அமர்வுக்கு நீங்கள் எல்லோரும் உங்கள் வரைவு அறிக்கையுடன் வந்திருக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவருடன் அதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சராசரியையும் மாணவர் எண்ணிக்கையால் பெருக்கிப் பாருங்கள். முழு எண் அருகில் வரவில்லை என்றால் என்ன கேட்பது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.